எனது உல்லாசக் கப்பற் பிரயாணம்

நமது கல்லூரிச் சஞ்சிகையின் தமிழ்ப் பகுதிக்கு ஏதேனும் எழுதியனுப்புமாறு ஆசிரியர் பணித்தபோது, எதனை எழுதுவதென்று சில நாள் திகைத்தேன். 1983 முதல் 1986 வரை யான் இக்கல்லூரியிற் பயின்ற காலத்து நினைவுகளை என்னினும் வல்லார் பலர் முன்னரே எழுதியுள்ளனர். யான் கண்ட நாடுகளும் பெரும்பாலும் பிறரும் கண்டவையே. ஆயினும், 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் என் அன்னையாருடன் யான் மேற்கொண்ட கப்பற் பிரயாணம் ஒன்று, உல்லாசத்தின் பொருட்டுத் தொடங்கி வேறொன்றாக முடிந்தது. அதனை உள்ளவாறே எழுதினால் மாணவருட் சிலருக்கேனும் பயன்படக்கூடும் என்னும் எண்ணத்தால் இவ்வியாசத்தை வரையத் துணிந்தேன். குற்றம் என்னுடையதாகவே இருத்தலின், எழுதுவதிற் பிறர் மனம் நோக இடமில்லை.

முற்காலத்து மக்கள் ஓரிடத்தினின்றும் மற்றோரிடம் போய்ச் சேர்வதற்காகவே கப்பலேறினர். பொருளீட்டச் சென்றார் சிலர். பிழைப்புத் தேடிச் சென்றார் பலர். 1958ஆம் ஆண்டில் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக் மாகடலைத் தாண்டத் தொடங்கின. அதன்பின் பெரும் பிரயாணக் கப்பல்கள் ஒவ்வொன்றாய்த் தொழிலிழந்தன. பத்து மணி நேரத்திற் போகக்கூடிய ஊருக்குப் பத்து நாள் மிதந்து செல்வார் யார்? ஆகவே, கப்பலுடையோர் வேறு வழி தேடினர். போய்ச் சேருமிடத்தை விற்பதை விடுத்து, போவதையே விற்கலாயினர். இவ்வாறு வளர்ந்ததே உல்லாசக் கப்பற் பிரயாணம். இக்கப்பல் சரக்கு ஏற்றுவதில்லை, தபால் சுமப்பதில்லை, புறப்பட்ட துறைக்கே சில நாளில் மீண்டு வந்து நிற்கும். செக்கைச் சுற்றும் மாட்டின் பிரயாணத்தைப் போன்றதேயாயினும், சுற்றுவோருக்கு நல்லுணவும் மெத்தையும் உண்டு!

என் மகள் சிங்கப்பூரில் உத்தியோகத்தில் இருக்கின்றாள். அவளுடைய குழந்தையைக் காண யாங்கள் சென்றிருந்தபோது, “அப்பா, பாட்டியை அழைத்துக்கொண்டு கப்பலில் மூன்று இரவு போய் வாருங்கள், சீட்டு நான் வாங்கித் தருகிறேன்” என்றாள். என் மனைவியார் பேரக்குழந்தையைப் பிரிய மனமின்றி மறுத்துவிட்டார். அன்னையாரும் மறுப்பார் என்றே எண்ணினேன். அவருக்கு அப்போது வயது எழுபத்தெட்டு. காசிக்கு அழைத்தபோதும், கன்னியாகுமரிக்கு அழைத்தபோதும், “எனக்கென்னத்துக்கு?” என்ற ஒரே விடையைத் தந்தவர் அவர். இம்முறையோ, “அந்தக் கப்பல் பினாங்குக்குப் போகுமா?” என்று கேட்டார். போகும் என்றாள் மகள். “அப்படியானால் வருகிறேன்” என்றார். எனக்கு வியப்பு மிகுந்தது; ஆயினும் காரணம் வினவினேனில்லை. முதியோருக்குத் தோன்றும் ஆசைகளில் இஃதொன்று என்று விட்டுவிட்டேன். இவ்வியாசத்தில் யான் ஒப்புக்கொள்ளவேண்டிய முதற் குற்றம் இதுவே.

குறித்த நாள் நண்பகலில் துறைமுகஞ் சென்றோம். நின்ற கப்பலைக் கண்டபோது அது கப்பலென்றே தோன்றவில்லை. நகரத்தின் ஒரு வீதியைப் பெயர்த்தெடுத்து நீரில் நிறுத்தியதுபோற் காணப்பட்டது. அடுக்குகள் பதினைந்துக்கு மேல்; பிரயாணிகள் ஏறத்தாழ நாலாயிரவர்; அவர்களுக்கு ஏவல் செய்வோர் ஆயிரத்தைந்நூற்றுவர். விமான நிலையத்தைப் போன்றே மூட்டைகளைச் சோதித்து, கடவுச்சீட்டைப் பார்த்து, கழுத்திற் கட்டிக்கொள்ள ஓர் அட்டையை ஈந்தனர். அறைக்குத் திறவுகோலும், கடைக்குப் பணமும், கப்பலில் மீண்டும் ஏறுவதற்கு அத்தாட்சியும் அவ்வட்டையே. எங்கள் அறை சிறிதாயினும் தூயது. அன்னையார் கட்டிலைத் தொட்டுப் பார்த்து, “இது நமக்கு மட்டுமா?” என்று கேட்டார். யான் நகைத்தேன்.

கப்பல் புறப்படுமுன் பிரயாணிகள் யாவரும் அபாய காலத்திற் கூடவேண்டிய இடத்தை அறிந்து, உயிர்காப்பு அங்கியை அணியும் முறையைக் கற்றல் வேண்டும் என்பது விதி. 1912இல் டைட்டானிக் மூழ்கியதன் பயனாய், கடலில் உயிர்காத்தல் பற்றிய சர்வதேச உடன்படிக்கை 1914இல் முதன்முதல் ஏற்பட்டது. 2012ஆம் ஆண்டு ஜனவரியில் இத்தாலியக் கரையருகே கோஸ்டா கான்கார்டியா என்னும் உல்லாசக் கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் மாண்டனர். அக்கப்பலிற் புதிதாய் ஏறியோருட் பலர் அப்பயிற்சியைப் பெறுமுன்னரே அவ்விபத்து நேர்ந்துவிட்டது. அதன்பின்னர், புறப்படுமுன்போ புறப்பட்டவுடனோ இப்பயிற்சி நடந்தே தீரவேண்டும் என விதியைக் கடுமையாக்கினர். எங்களைச் சூழ இருந்தோர் இதனைத் தொல்லையென்று முணுமுணுத்தனர். அன்னையாரோ அங்கியின் வாரை இருமுறை கட்டி அவிழ்த்துப் பழகிக்கொண்டார்.

மாலை ஐந்து மணியளவிற் சங்கு முழங்கிற்று. கரை பையப் பைய நகர்ந்தது. நாங்கள் நகர்வதாகத் தோன்றவில்லை. உணவுச் சாலையின் வளத்தை விரித்துரைக்கப் புகின் இச்சஞ்சிகையின் பக்கங்கள் போதா. சீன உணவும், இத்தாலிய உணவும், நம்மவர்க்கென்று சாதமும் பருப்பும் ஓரிடத்திற் குவிந்திருந்தன. நீந்துங் குளமும், நாடக அரங்கும், சூதாடுங் கூடமும் இருந்தன. சூதாட்டக் கூடத்தில் ஜன்னலுமில்லை, கடிகாரமுமில்லை. காலத்தை மறக்கச் செய்தே பணத்தை மறக்கச் செய்யவேண்டும் போலும்! கப்பலிற் பயன்படும் நன்னீரின் பெரும்பகுதியைக் கடல்நீரினின்றே ஆக்கிக்கொள்வர் என்றறிந்தபோது வியந்தேன். நீர்மட்டத்திற்குக் கீழே, கப்பலின் இருமருங்கும், மீனின் துடுப்பையொத்த இரண்டு தகடுகள் உள. அலை சாய்க்கும் பக்கத்திற்கு எதிராக அவை தாமே திரும்பி ஆட்டத்தைத் தணிக்கும். ஆதலால் தலைசுற்றலுமில்லை, வாந்தியுமில்லை.

இரவிற் பலகணி வழியே நோக்கினேன். மலாக்கா நீரிணை உலகிலேயே மிகுதியாகக் கப்பல்கள் செல்லும் வழிகளுள் ஒன்று. இருபுறமும் எண்ணெய்க் கப்பல்களும் சரக்குக் கப்பல்களும் விளக்கு வரிசைகளாய்ச் சென்றுகொண்டிருந்தன. நள்ளிரவில் விழித்தபோதும் அன்னையார் உறங்காது அமர்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். “புதிய இடம், உறக்கம் வரவில்லையா?” என்றேன். “புதிய இடமா?” என்று மட்டுஞ் சொல்லிப் படுத்துக்கொண்டார்.

எங்கள் அறையைத் துப்புரவு செய்யும் பணியாளன் தூத்துக்குடியைச் சார்ந்த இளைஞன். தமிழ்க் குரல் கேட்டவுடன் அவன் முகம் மலர்ந்தது. என்னை “சார்” என்றும், அன்னையாரை “ஆச்சி” என்றும் அழைத்தான். அவன் கப்பலேறி ஏழு திங்கள் ஆயிற்று. இன்னும் இரண்டு திங்கள் கழிந்தே வீடு செல்வான். மனைவி பிரசவித்தது அவன் கடலிலிருந்த காலத்தில். ஐந்து மாதக் குழந்தையைக் கைப்பேசியின் திரையிலன்றி அவன் கண்டதில்லை. கப்பற் பணியாளர்க்கு ஒரு நாளிற் பத்து மணி நேரமேனும் ஓய்வு அளித்தல் வேண்டும் என்று, 2013இல் நடைமுறைக்கு வந்த சர்வதேசக் கடற்பணி உடன்படிக்கை விதிக்கின்றது. எஞ்சிய பதினான்கு மணி நேரத்தை யாம் உல்லாசம் என்கின்றோம். அவன் வேலை என்கின்றான். இதனை அப்போது யான் நினைத்தேனல்லேன். இப்போது எழுதுங்கால் நினைக்கின்றேன்.

மறுநாட் காலை யான் மேல்தளத்தில் உலாவி, நெடுநேரம் பலகாரமுண்டு, இரண்டு மணி நேரங் கழித்து அறைக்கு மீண்டேன். கட்டிலின்மீது வெள்ளைத் துண்டினால் மடித்துச் செய்த யானையொன்று துதிக்கையைத் தூக்கி நின்றது. உல்லாசக் கப்பல்களிற் பணியாளர் இவ்வாறு விளையாட்டுக் காட்டுவது வழக்கம். அன்னையார் கண்கள் கலங்கியிருந்தன. அந்த இளைஞன் வேலையைத் தொடர்ந்துகொண்டே அவரோடு பேசிக்கொண்டிருந்தான். அவரோ மற்றைத் துண்டுகளை மடித்து அவனுக்கு உதவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. “ஊர்க் கதை பேசினோம்” என்றார். யானும் மேலே கேட்டேனில்லை. இஃது இரண்டாவது குற்றம்.

பிற்பகல் இரண்டு மணிக்குப் பினாங்குத் தீவின் ஸ்வெட்டன்ஹாம் துறையிற் கப்பல் கட்டப்பட்டது. 1904ஆம் ஆண்டு முதல் பெருங்கப்பல்கள் வந்து நிற்கும் துறை அது. 1786இல் பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயர் இத்தீவிற் கொடி நாட்டினார். அவர் தொடங்கிய ஜார்ஜ் டவுன் நகரம் 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிற் சேர்ந்தது. நகரிற் காணத்தக்கவை பல. ஆயின் யான் முன்னரே பணங்கட்டிப் பினாங்கு மலைக்குப் போகும் வண்டியில் இருவருக்கும் இடம் ஏற்பாடு செய்திருந்தேன். இறங்குவோர் வரிசையிலேயே ஒரு மணி நேரம் சென்றது. வண்டி துறையை விட்டு வெளியேறும்போது அன்னையார் திரும்பித் திரும்பிப் பின்னே பார்த்தார். “மாலையில் வரும்போது நன்றாகப் பார்க்கலாம் அம்மா” என்றேன்.

மலைமேல் ஏறும் இழுவை இரயில் 1923ஆம் ஆண்டு முதல் நடைபெறுவது. 2011இற் புதிய வண்டிகளை அமைத்துள்ளனர். சில நிமிடங்களில் மேகத்தினருகே கொண்டுபோய் விட்டது. வானம் தெளிந்திருந்தது. வடபால் நீருக்கப்பால் நிலப்பரப்பில் ஓங்கித் தோன்றிய ஜெராய் மலையை யான் அன்னையாருக்குச் சுட்டிக் காட்டினேன். ஆயிரத்திருநூறு மீட்டருக்கு மேல் உயர்ந்த அம்மலை, பண்டை மாலுமிகளுக்கு வழிகாட்டியாய் நின்றது. அதன் அடிவாரத்திலேதான் கடாரம் என்று நம் முன்னோர் வழங்கிய நாடு. 1025ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திர சோழனுடைய கடற்படை அதனை வென்றது. அங்குள்ள பூஜாங் பள்ளத்தாக்கிற் பழங்கோயில்களின் அடித்தளங்களை இன்றும் காணலாம் என்றெல்லாம் ஒரு பிரசங்கமே செய்தேன். அன்னையார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இடையே ஒருமுறை, “மணி என்ன ஆகிறது, தம்பி?” என்றார். களைப்பினாற் கேட்கின்றார் என்று கருதினேன். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய சரித்திரத்தை உரக்க உரைத்துக்கொண்டிருந்த என் அருகே, எழுபதாண்டுக்கு முந்திய சரித்திரமொன்று மௌனமாய் அமர்ந்திருந்தது, யான் அறியேன்.

இறங்கிவருங்கால் வண்டிகளின் நெருக்கத்தாற் காலந் தாழ்ந்தது. கப்பலை அடைந்தபோது இருட்டிவிட்டது. மணி ஏழே முக்கால். ஒன்பது மணிக்குள் யாவரும் ஏறிவிடல் வேண்டும் என்பது கட்டளை. அறையருகே அவ்விளைஞன் எதிர்ப்பட்டான். “சார், ஆச்சியை மணிக்கூண்டுக்கு அழைத்துப் போனீர்களா?” என்றான்.

“எந்த மணிக்கூண்டு?” என்றேன்.

அவன் என்னையும் அன்னையாரையும் மாறிமாறிப் பார்த்தான். “ஆச்சி ஒன்றும் சொல்லவில்லையா சார்? துறைமுக வாசலுக்கு எதிரே இருக்கிறதே, அது. அங்கேதானே ஆச்சியுடைய அப்பா...” என்று தொடங்கி, தவறு செய்தவனைப்போல் நிறுத்திக்கொண்டான்.

யான் அன்னையாரை நோக்கினேன். “நீ பணங்கட்டி ஏற்பாடு செய்துவிட்டாய், தம்பி. மலையும் நன்றாகத்தான் இருந்தது” என்றார் அவர்.

அச்சொல் என்னைச் சுட்டதுபோல் வேறெதுவும் சுட்டதில்லை. அவர் கையைப் பற்றிக்கொண்டு மீண்டும் கீழே இறங்கினேன். வாயிற் காவலர் கடிகாரத்தைக் காட்டி எச்சரித்தார். துறையின் வாயிலைக் கடந்து சில நிமிட நடைதான். கோலூன்றி நடப்பவர்க்குப் பதினைந்து நிமிடம் ஆயிற்று. விக்டோரியா மகாராணியின் அறுபதாண்டு ஆட்சி விழாவின் நினைவாக, ஆண்டுக்கு ஓரடியாக அறுபதடி உயரத்தில் எழுப்பி 1902இல் முடித்த மணிக்கூண்டு அது. விளக்கொளியில் வெண்மையாய் நின்றது. இரண்டாம் உலகப் போரில் விழுந்த குண்டுகளால் அது சற்றே சாய்ந்திருக்கின்றது. அன்னையார் அதனைக் கண்டதும், “சாய்ந்துதான் இருக்கிறது, நான் கனவோ என்று நினைத்திருந்தேன்” என்றார்.

பின்னர் அங்கிருந்த கற்படியில் அமர்ந்து தாமே சொல்லலானார். என் பாட்டனார் ‘அக்கரையில்’ இறந்தார் என்று மட்டுமே யான் கேட்டிருந்தேன். எக்கரை என்று ஒருநாளுங் கேட்டதில்லை. அவர் பினாங்குத் துறைமுகத்திற் சரக்குக் கணக்கெழுதும் வேலையில் இருந்தாராம். 1954ஆம் ஆண்டில், ஒன்பது வயதுச் சிறுமியாகிய என் அன்னையாரையும், என் பாட்டியாரையும் நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றி அனுப்பினார். மறு தைக்குத் தாமும் வந்துவிடுவதாகச் சொன்னார். அன்று இம்மணிக்கூண்டினடியில் மகளை நிறுத்தி, “பெரிய முள் பன்னிரண்டுக்கு வரட்டும்; கப்பல் சங்கு ஊதும், பார்” என்று காட்டி, பிஸ்கோத்து டப்பா ஒன்றை வாங்கிக் கையிற் கொடுத்தாராம். கப்பல் நகர்ந்தபோது துறையின் விளிம்பில் நின்று வெள்ளைத் துண்டை வீசிக்கொண்டேயிருந்தாராம். இரண்டாண்டு மணியார்டர் வந்தது. 1956இல், உடன் வேலை செய்த ஒருவர் எழுதிய கடிதம் வந்தது. காய்ச்சலில் இறந்தார், இங்கேயே அடக்கஞ் செய்தோம் என்று. அவ்வளவே.

எங்கள் வீட்டில் நூலும் பொத்தானும் போட்டுவைக்கும் ஒரு பழைய பிஸ்கோத்து டப்பா உண்டு. சிறு வயதில் அதனைத் தட்டி விளையாடி அடிவாங்கியிருக்கின்றேன். ஒரு தகர டப்பாவுக்காக அடிப்பானேன் என்று அன்று விளங்கவில்லை.

அக்காலத்தில் ‘டெக்’ பிரயாணிகள் பட்ட பாட்டையும் அவர் வாயாலேயே கேட்டேன். அவர் சென்ற கப்பலின் பெயர் அவருக்கு நினைவில்லை. அவ்வழிச் சென்றவற்றுட் பெயர்பெற்றது ‘ரஜூலா’, 1926இற் கட்டியது, ஏறத்தாழ 8,500 டன் அளவினதாகிய அக்கப்பலில் முதலில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட டெக் பிரயாணிகளை ஏற்ற அநுமதி இருந்தது. யாம் சென்ற மாளிகை அதனினும் பன்மடங்கு பெரிது. ஏறினோரோ அத்தொகையினுங் குறைவு! கட்டிலில்லை; பாய் விரித்த இடமே வீடு. தலைமாட்டில் டிரங்குப் பெட்டி, கால்மாட்டிற் கூஜா. ஐந்து நாள் அலையும் வாந்தியுமாய்க் கழிந்து, நாகப்பட்டினத்திற் கப்பல் கரைக்கு வரமாட்டாது கடலிலேயே நிற்க, படகிலிறங்கிக் கரை சேர்ந்தனர். ரஜூலா 1973இல் ஓய்ந்தது. அதன்பின் வந்த ‘சிதம்பரம்’ 1985இல் தீப்பற்றியதோடு அவ்வழியும் நின்றது. “இது நமக்கு மட்டுமா?” என்று அவர் கட்டிலைத் தொட்டுக் கேட்டதன் பொருள் அப்போதே எனக்கு விளங்கிற்று.

எட்டரை மணிக்கு எழுந்தோம். தந்தையாரை அடக்கஞ் செய்த இடத்தைத் தேட நேரமுமில்லை. அது எங்கே என்பதற்குக் குறிப்புமில்லை. பகற்பொழுது ஐந்து மணி நேரத்தை மலைக்கு ஈந்துவிட்டேன். அதில் ஒரு மணி நேரம் இப்போது கிடைப்பதாயின் எதையும் கொடுத்திருப்பேன். அன்னையார் மணிக்கூண்டின் கல்லை உள்ளங்கையால் ஒருமுறை தொட்டார். “போகலாம், தம்பி, கப்பல் போய்விடும்” என்றார். எழுபதாண்டுக்கு முன் அவரிடம் அவர் தந்தையார் சொல்லியிருக்கக்கூடிய சொல் அது.

கப்பல் புறப்படும்போது இருவரும் மேல்தளத்திற் கைப்பிடிக் கம்பியைப் பற்றி நின்றோம். மற்றோர் உள்ளே ஆடலும் பாடலுமாய் இருந்தனர். கீழே, கட்டிய கயிறுகளை அவிழ்த்துவிட்ட துறைமுகத் தொழிலாளர் இருவர் மூவர் மாத்திரம் நின்றனர். அன்னையார் தோளிற் போர்த்தியிருந்த வெண்ணிறத் துண்டை எடுத்து மெல்ல வீசினார். தொழிலாளருள் ஒருவர் நிமிர்ந்து பார்த்து, யாருக்கென்று அறியாமலே தம் கையை உயர்த்தி அசைத்தார். விளக்கொளியில் அக்கை மறையுமளவும் அன்னையார் வீசிக்கொண்டேயிருந்தார். அன்றிரவு அவர் நன்றாக உறங்கினார். உறங்காதவன் யானே.

எஞ்சிய ஒரு பகலும் கடலிலே கழிந்தது. அன்னையார் அவ்விளைஞனை அழைத்து, அவன் குழந்தையின் படத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்தார். “ஐயா, சொன்ன நாளில் வீட்டுக்குப் போய்விடு, ஒரு வருஷம் கூடச் சம்பளம் என்றாலும் நிற்காதே” என்றார். அவன், “சரி ஆச்சி” என்று தலைகுனிந்தான்.

உல்லாசக் கப்பற் பிரயாணம் நன்றோ தீதோ என்று என்னைக் கேட்பார் உளர். நன்றே என்பேன். வயது முதிர்ந்தோர் மூட்டை சுமவாது பல ஊர் காணலாம். நோயுற்றால் மருத்துவர் உண்டு. குடும்பத்தோர் ஓரிடத்தில் இருந்து பேச நேரமும் உண்டு. அந்நேரத்தைப் பேசுவதிற் செலவிடல் வேண்டும் என்பதே யான் அறிந்துகொண்டது. முன்கூட்டியே பணங்கட்டி ஒவ்வொரு நாழிகையையும் நிரப்பிவிடுவோர், உடன் வருபவர் எதற்காக வந்தார் என்பதை அறியாமலே திரும்பக்கூடும்.

மாணவ நண்பர்களே, நீங்கள் சரித்திரப் பாடத்தில் ஆண்டுகளையும் அரசர்களையும் கற்கின்றீர்கள், கற்க வேண்டுவதே. இவ்விடுமுறைக்கு வீடு செல்லும்போது, உங்கள் பாட்டியாரிடம் சென்று, அவர் எந்தக் கரையினின்றும் எந்தக் கரைக்கு வந்தார் என்று ஒருமுறை கேளுங்கள். தாமாக அவர் சொல்லார், கேட்டாற் சொல்லுவார். யான் ஐம்பத்தேழு வயதிற் கேட்டேன். அதுவும் பிறனொருவன் நினைவூட்டியே கேட்டேன். அப்பழைய டப்பாவில் இப்போது பொத்தான்கள் இல்லை. அன்னையார் அவற்றை வேறிடத்திற்கு மாற்றிவிட்டு, கழுத்திற் கட்டியிருந்த அக்கப்பல் அட்டையை அதனுள் வைத்திருக்கின்றார்.